20 வருடமாகச் சைவம்தான், பிறகு ஏன் அடைப்பு? சமையலில் எங்கிருந்து மாற்றுவது?

அடுப்படி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதலில் எழுதுகிறேன்.

என் கணவருக்கு 52 வயது. போன மாதம் மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது என்றார். மருத்துவமனைக்குப் போனால் ஒரு ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்து மூன்றாம் நாள் அனுப்பினார்கள். 20 வருடமாக எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. அவர் புகைத்ததும் இல்லை, குடித்ததும் இல்லை. எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 168 என்று மருத்துவர் சொன்னபோது, வேறு யாருடைய அறிக்கையையோ பார்த்துச் சொல்கிறாரோ என்றுதான் நினைத்தேன்.

இத்தனை வருடமும் அவர் சாப்பிட்டதெல்லாம் என் கையால்தான். அதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் மூன்றே வரி: உப்பைக் குறைக்கவும், எண்ணெயைக் குறைக்கவும், நார்ச்சத்து சேர்க்கவும். முதல் வாரம் உப்பையும் எண்ணெயையும் அடியோடு நிறுத்தினேன். காயை அவித்தேன், பருப்பை அவித்தேன், அப்படியே வைத்தேன். மூன்று நாள் பேசாமல் சாப்பிட்டார். நான்காம் நாள் பாதியில் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டார். அன்று ராத்திரி பசி தாங்காமல் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இதயத்துக்கும் நல்லதாக இருக்க வேண்டும், அவரும் விரும்பிச் சாப்பிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

நிதானம் | ஞாயிறு, இரவு 10:25

சகோதரி, முதலில் ஒன்று. அடைப்புக்கு வயது, பரம்பரை, ரத்த அழுத்தம், சர்க்கரை, உடல் உழைப்பு, தூக்கம் என்று பத்து காரணம் உண்டு. சமையல் அதில் ஒன்று. அதை நீங்கள் மாற்றலாம் என்பதுதான் அதில் உள்ள நல்ல செய்தி. பழியை உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு பைபாஸ் ஆகி 11 வருடம் ஆகிறது. அப்போதிருந்து வீட்டில் சமைப்பது நான்தான். அனுபவத்தில் சொல்கிறேன், இந்த வாரம் எதையும் நிறுத்தாதீர்கள். அளந்து மட்டும் பாருங்கள். புது எண்ணெய் பாட்டிலைத் திறக்கும்போது அதன் மேல் தேதியை எழுதுங்கள். உப்புப் பொட்டலத்திலும் எழுதுங்கள். தீர்ந்த நாளில் கணக்குப் போடுங்கள்.

என் கணக்கைச் சொல்கிறேன். அப்போது வீட்டில் மூன்று பேர். ஒரு லிட்டர் எண்ணெய் 12 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 28 மில்லி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மேசைக்கரண்டி. ஒரு கிலோ உப்பு 30 நாளுக்கு வந்தது, ஆளுக்கு 11 கிராம். வடித்துக் கொட்டும் தண்ணீரில் போனதைக் கழித்தாலும் அது அதிகம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே. அது ஒரு தேக்கரண்டிகூட முழுதாக வராது. அதிலும் ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், பொட்டலத் தின்பண்டம் எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் அடக்கம்.

அந்த எண்ணைப் பார்த்த பிறகு எனக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியிருக்கவில்லை. பாட்டிலைச் சாய்த்து ஊற்றுவதை அன்றோடு விட்டேன். இன்றுவரை கரண்டிதான்.

கீரைக்கட்டு | திங்கள், காலை 6:50

நான் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். அடுப்படி அக்கா கேட்ட முதல் கேள்வியை, ‘சைவம்தானே, பிறகு ஏன்?’ என்பதை, வாரத்துக்கு நான்கு பேராவது என்னிடம் கேட்கிறார்கள்.

கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உணவில் மட்டுமே கணிசமாக இருக்கிறது, உண்மைதான். அதனால்தான் எந்தத் தாவர எண்ணெய் பாட்டிலிலும் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போடலாம். அந்த வரிக்கு அர்த்தமே கிடையாது. ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை நம் கல்லீரலே செய்கிறது. நிறைவுற்ற கொழுப்பு அதிகம் சாப்பிட்டால், ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை வாங்கி அப்புறப்படுத்தும் வேலையைக் கல்லீரல் சரியாகச் செய்வதில்லை. எல்டிஎல் தேங்குகிறது. இந்த நிறைவுற்ற கொழுப்பு சைவச் சமையலிலும் தாராளமாக வரும்: வெண்ணெய், நெய், கிரீம், பாலாடைக்கட்டி, தேங்காய் எண்ணெய், பாமாயில். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். நெய்யில் 60-ஐத் தாண்டும். பாமாயிலில் ஏறக்குறைய பாதி. நல்லெண்ணெயிலும் ஆலிவ் எண்ணெயிலும் 14, 15 சதவீதம். சூரியகாந்தியில் இன்னும் கொஞ்சம் குறைவு.

2017-இல் அமெரிக்க இதயவியல் கல்லூரியின் இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. தாவர உணவையே இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். முழுதானியம், பருப்பு, காய், பழம், கொட்டைகள் ஒரு பக்கம். வெள்ளை மாவு, இனிப்பு பானம், இனிப்புப் பண்டம், பொரித்த உருளைக்கிழங்கு இன்னொரு பக்கம். முதல் வகையைச் சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. இரண்டாவது வகையைச் சாப்பிட்டவர்களுக்கு அதிகமாக இருந்தது. இரண்டுமே தாவர உணவுதான்.

அந்த பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள் அக்கா. வெள்ளை மாவு, சர்க்கரை, பாமாயில், உப்பு என்றுதான் பெரும்பாலும் இருக்கும். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்பு என்று எழுதியிருந்தால் அதைத் தொடவே வேண்டாம், அது டிரான்ஸ் கொழுப்பு. ஆலைகளில் உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பை உலக உணவிலிருந்தே நீக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் அறைகூவல் விட்ட பொருள் அது.

ஆற்றங்கரை | திங்கள், காலை 8:15

என் தாத்தா தினமும் வெண்ணெய் சாப்பிட்டு 90 வயது வரை இருந்தார். இந்தச் சதவீதக் கணக்கெல்லாம் எனக்கு நம்பிக்கை தரவில்லை.

கீரைக்கட்டு | திங்கள், காலை 8:40

தாத்தா நன்றாக வாழ்ந்ததில் எனக்கும் சந்தோஷம். அவர் ஒரு நாளில் எவ்வளவு நடந்தார், எத்தனை வேளை சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவரை வைத்து விதி சொல்ல முடியாது. ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு எல்டிஎல் 70-க்குக் கீழே, சில வழிகாட்டுதல்களில் 55-க்குக் கீழே வர வேண்டும் என்கிறார்கள். அவர் இருப்பது 168-இல். இங்கே சோதனை செய்து பார்க்க இடமில்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அவ்வளவு தூரம் சாப்பாட்டால் மட்டும் இறக்க முடியாது. மாத்திரையை நிறுத்திவிட்டு ‘உணவே மருந்து’ என்று யாரும் கிளம்ப வேண்டாம். இரண்டும் சேர்ந்துதான்.

தெளிந்தநீர் | திங்கள், மதியம் 1:05

எண்ணெயே வேண்டாம் என்பது என் கட்சி. டீன் ஆர்னிஷ் என்ற அமெரிக்க மருத்துவர் 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், மொத்தக் கலோரியில் 10 சதவீதம் மட்டும் கொழுப்பு உள்ள சைவ உணவைக் கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் அடைப்பு லேசாகக் குறைந்தது. நானும் நான்கு வருடமாகத் தண்ணீரில்தான் வதக்குகிறேன். வெங்காயத்தைச் சூடான சட்டியில் போட்டு, ஒட்டும்போது ஒரு கரண்டி தண்ணீர், மறுபடி ஒட்டினால் மறுபடி ஒரு கரண்டி. நிறமும் வரும், மணமும் வரும். அடுப்படி அக்கா, அவித்துவைப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

நிதானம் | திங்கள், மாலை 6:30

தண்ணீரில் வதக்குவது நல்ல வித்தை, நானும் செய்வதுண்டு. ஆனால் அந்த ஆய்வில் இருந்தது 48 பேர். அவர்களில் புது முறைக்கு மாறியவர்கள் சாப்பாட்டை மட்டும் மாற்றவில்லை. உடற்பயிற்சி, மன அழுத்தப் பயிற்சி, புகையை விடுதல், குழுவாகச் சந்திப்பது எல்லாம் சேர்ந்தது. எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். ஸ்பெயினில் 7,400-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வு 2013-இல் வந்தது. ஆட்களைப் பிரித்த விதத்தில் குறை கண்டு, அதை 2018-இல் மறுபடி ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் ஆலிவ் எண்ணெயையும் கொட்டைகளையும் தாராளமாகச் சாப்பிட்ட குழுக்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைவாக இருந்தன. அது சைவ உணவு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் என்றாலே விஷம் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

நான்காம் நாள் தட்டை நகர்த்திய மனிதருக்கு எண்ணெயே இல்லாத உணவைக் கொடுத்தால் ஆறாம் நாள் என்ன ஆகும்? ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டு, நல்ல எண்ணெயாகப் பார்த்து ஊற்றினால் அவர் பத்து வருடம் அதில் நிற்பார்.

தெளிந்தநீர் | திங்கள், இரவு 7:10

சரி, ஏற்றுக்கொள்கிறேன். எனக்கு ஒத்துவந்தது எல்லோருக்கும் வர வேண்டும் என்றில்லை. பொரிப்பதை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவதையும்.

மணக்கும்சட்டி | திங்கள், இரவு 9:55

நீங்கள் எல்லோரும் எண்ணெயைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த மனிதர் தட்டை நகர்த்தியது ருசிக்காக. அதைப் பற்றி நான் எழுதுகிறேன். 15 வருடம் உணவகச் சமையலறையில் நின்றவன், பிறகு அம்மாவின் ரத்த அழுத்தத்துக்காக எல்லாவற்றையும் மறுபடி கற்றுக்கொண்டவன்.

அக்கா, உப்பை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாது. அங்கே வேறொன்று வந்து உட்கார வேண்டும். முதலில் புளிப்பு. எலுமிச்சை, தக்காளி, தயிர் எதுவானாலும் சரி, புளிப்பு சேர்ந்தால் இருக்கிற உப்பு தூக்கலாகத் தெரியும். எலுமிச்சையை இறக்கிய பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது பிழிந்தால் மணம் போய்விடும்.

இரண்டாவது, சூடு. அவித்த காய்க்கு ருசி இல்லாததற்குக் காரணம் தண்ணீர். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. காய் பொன்னிறமாகி அந்த வறுத்த மணம் வர வேண்டுமென்றால் 140 டிகிரியாவது வேண்டும். காலிஃபிளவர், கேரட், கத்தரிக்காய், பூசணி எதையும் ஈரம் துடைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கையால் பிசறி, ஓவனில் 200 டிகிரியில் 25 நிமிடம் வையுங்கள். ஓவன் இல்லையென்றால் கனமான இரும்புச் சட்டியில் பரப்பி, கிளறாமல் விட்டு, ஒரு பக்கம் சிவந்ததும் திருப்புங்கள். அடிக்கடி கிளறுவதுதான் நாம் செய்யும் தப்பு.

மூன்றாவது, உமாமி. 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டுபிடித்துப் பெயர் வைத்த சுவை. காளானிலும் பழுத்த தக்காளியிலும் இது நிறைய. உலர்ந்த காளானைப் பொடித்து ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். பருப்பில் அரைத் தேக்கரண்டி போட்டால், நீண்ட நேரம் கொதித்த குழம்பின் அடர்த்தி வந்துவிடும். தக்காளி விழுதைக் கொஞ்சம் எண்ணெயில் செங்கல் நிறம் வரும்வரை வதக்குங்கள். பூண்டையும் வெங்காயத்தையும் அவசரப்படாமல் வதக்குங்கள். 20 நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

அப்புறம், உப்பை எப்போது போடுவது. தண்ணீரில் போடும் உப்பு உள்ளே கரைந்து மறைந்துவிடும். பாதியைச் சமைக்கும்போது போடாமல் வைத்திருந்து, தட்டுக்குப் போகும் முன் மேலே தூவினால், நாக்கில் முதலில் படுவது அதுதான். குறைந்த உப்பிலேயே நிறைவு வரும். மொத்த அளவை மட்டும் காலையிலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுங்கள். அந்தக் கிண்ணம் தீர்ந்தால் அன்றைக்கு உப்பு தீர்ந்தது.

ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். வாரத்துக்கு ஒரு சிட்டிகை குறையுங்கள். நாக்கு பழக இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதற்குப் பிறகு பழைய உப்பு அவருக்கே கரிக்கும். என் அம்மாவுக்கு அப்படித்தான் ஆனது.

பயறுக்காரி | செவ்வாய், காலை 5:45

எண்ணெயும் உப்பும் குறைப்பதைப் பேசியாகிவிட்டது, கூட்ட வேண்டியதைப் பேசலாமா? எனக்கு இதுதான் உயிர்.

ரத்த அழுத்தத்தைச் சாப்பாட்டால் குறைக்க முடியுமா என்று பார்த்து 1997-இல் வந்த டேஷ் ஆய்வில் உப்பின் அளவை மாற்றவே இல்லை. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் பொருட்கள், முழுதானியம், கொட்டைகள் ஆகியவற்றைக் கூட்டி, நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்தார்கள். ரத்த அழுத்தம் இறங்கியது. உப்பையும் சேர்த்துக் குறைத்தபோது இன்னும் இறங்கியது, அது 2001-இல் வந்த ஆய்வு.

எல்டிஎல்லுக்குக் கரையும் நார்ச்சத்து. ஓட்ஸ், பார்லி இரண்டிலும் பீட்டா குளுக்கன் என்ற பிசுபிசுப்பான நார் இருக்கிறது. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடும். புதிதாகப் பித்தம் செய்ய, கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுக்க வேண்டிவரும். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்றால் உலர் ஓட்ஸ் 60 முதல் 75 கிராம். எல்டிஎல் 5 சதவீத அளவுக்குக் குறையும், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக. சர்க்கரை கலந்து பொட்டலத்தில் வரும் ஓட்ஸ் வேண்டாம். ஓட்ஸை இனிப்பாகத்தான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. வெங்காயம், பட்டாணி, மிளகு போட்டுக் காரமாகச் செய்யுங்கள்.

பருப்பும் பயறும் தினமும் ஒரு கிண்ணமாவது வேண்டும். வேகவைத்த பருப்பு ஒரு கோப்பையில் 15 கிராம் நார், 18 கிராம் புரதம். கொண்டைக்கடலையை ராத்திரி நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள், வயிற்று உப்புசம் குறையும். சீக்கிரம் வேகட்டும் என்று சமையல் சோடாவை அள்ளிப் போடாதீர்கள். ஒரு தேக்கரண்டியில் 1,200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம். டப்பாவில் அடைத்த பயறு வாங்கினால் வடிதட்டில் கொட்டிக் குழாயடியில் அலசுங்கள். உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

சிவப்பு பீன்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அதை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் கடுமையான வாந்தி வரும், அதில் உள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம்தான் காரணம். ஊறிய பிறகு, தண்ணீர் தளதளவென்று 10 நிமிடமாவது கொதித்தே ஆக வேண்டும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்பாத்திரத்தில் நேரடியாகப் போட்டால் அந்த நச்சு போகாது. குக்கரில் பயமில்லை.

1 கிலோ பயறை வார இறுதியில் ஒரேயடியாக வேகவைத்து, சிறு டப்பாக்களில் போட்டு உறைய வைத்துவிடுவேன். வேலைநாளில் 15 நிமிடத்தில் சாப்பாடு தயார். வெளியில் வாங்கித் தின்னும் எண்ணமே வராது.

கீரைக்கட்டு | செவ்வாய், காலை 7:20

பயறுக்காரி சொன்னதோடு சேர்த்து: டொராண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-இல் ஓட்ஸ், பார்லி, சோயா, பாதாம், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் தாவர ஸ்டெரால் எல்லாவற்றையும் ஒரே சைவ உணவில் சேர்த்து 4 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்டிஎல் ஏறக்குறைய 28 சதவீதம் குறைந்தது. தனித்தனியாகச் சின்னது, சேர்ந்தால் பெரிது. ஆனால் அது 46 பேர், உணவு முழுவதும் அளந்து கொடுக்கப்பட்டது. வீட்டில் அதில் பாதி வந்தாலே நான் மகிழ்வேன்.

ஆளிவிதையைப் பொடித்துப் போடுங்கள். முழுதாக விழுங்கினால் அப்படியே வெளியேறிவிடும். பொடியை ஃபிரிட்ஜில் வையுங்கள், சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும்.

ஒற்றைவிளக்கு | செவ்வாய், காலை 11:30

யாராவது ‘சோடியம் குறைந்த உப்பு’ வாங்கச் சொல்லும் முன் எழுதிவிடுகிறேன். அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சீனக் கிராமங்களில் 20,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது என்பது உண்மை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் ஏறும். இதயத் துடிப்பையே குலைத்துவிடும். சில ரத்த அழுத்த மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றுபவை.

என் அப்பாவுக்கு இது நடந்தது. நல்லது என்று நினைத்து நானே வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் இரண்டும் பார்த்து, மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். இது ஒன்றுதான் என் வேண்டுகோள்.

கீரைக்கட்டு | செவ்வாய், மதியம் 12:10

அப்பா மீண்டதில் நிம்மதி. எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 வருடச் சைவம் என்பதால் வைட்டமின் பி12 பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள் அக்கா. தாவர உணவில் அது நம்பும்படி கிடைக்காது.

அடுப்படி | மூன்று வாரம் கழித்து, சனி இரவு 9:15

மன்னிக்கவும், தாமதமாக வருகிறேன். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.

எங்கள் கணக்கு: நான்கு பேருக்கு ஒரு லிட்டர் எண்ணெய் 9 நாளில் தீர்ந்தது. கரண்டிக்கு மாறிய பிறகு இப்போது 16 நாளாவது வரும் போலிருக்கிறது. எழுதிப் பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. மதியச் சாப்பாட்டைவிட, மாலை டீயோடு வைக்கும் பொரித்த தின்பண்டம்தான் எண்ணெயையும் உப்பையும் அதிகம் தின்றிருக்கிறது. அதை நான் சமையல் கணக்கிலேயே சேர்த்ததில்லை. இப்போது அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி உப்பில்லாத பாதாமும் ஒரு பழமும்.

உப்புக் கிண்ணம் வைத்துவிட்டேன். மொத்தம் 14 கிராம், நான்கு பேருக்கு. முதல் வாரம் மாலைக்குள் தீர்ந்துவிட்டது. இப்போது ராத்திரிக்குக் கொஞ்சம் மிஞ்சுகிறது. காலையில் ஓட்ஸ் அல்லது பார்லி. பி12 குறைவாகத்தான் இருந்தது, மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உப்பு மாற்று வாங்கலாம் என்று நினைத்திருந்தேன், ஒற்றைவிளக்கு எழுதியதைப் படித்துவிட்டு மருத்துவரிடம் கேட்டேன். என் கணவர் சாப்பிடும் மாத்திரைக்கு அது ஆகாது என்றார். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

புதன்கிழமை காலிஃபிளவரை ஓவனில் வறுத்து, மேலே எலுமிச்சை பிழிந்து வைத்தேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்தேன்.

ரத்தப் பரிசோதனை இன்னும் மூன்று வாரம் கழித்து. ஒரே ஒரு சந்தேகம்: காளான் மட்டும் எனக்குச் சிவக்கவே மாட்டேன் என்கிறது. தண்ணீர் விட்டு வெந்துவிடுகிறது. என்ன செய்வது?

மணக்கும்சட்டி | சனி, இரவு 9:50

சட்டியை நிரப்பாதீர்கள் அக்கா. காளானில் 90 சதவீதம் தண்ணீர். ஒன்றின் மேல் ஒன்று கிடந்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் அதிலேயே வெந்துவிடும். சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் இல்லாமல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தண்ணீர் விடும், விடட்டும். அது முழுக்க வற்றி, சத்தம் மாறிச் சடசடவென்று கேட்கும்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய், பூண்டு, மிளகு. உப்பு கடைசியில். இரண்டு தடவையாகச் செய்ய வேண்டியிருக்கும், பரவாயில்லை.